பயமாக இருக்கும் ஒன்றைத் துணையோடு தொடங்குவது எப்படி?

நீச்சல், மேடைப்பேச்சு, பாதியில் விட்ட படிப்பு, குடியை நிறுத்துவது, பல வருடமாகத் தட்டிக்கழித்த மருத்துவப் பரிசோதனை. எதைத் தள்ளிப்போடுகிறவரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் தைரியம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." காத்திருப்பதால் அந்தத் தைரியம் வந்துவிடுவதில்லை. 'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு வழிகளைச் சொன்னார். நாமே செய்து பார்ப்பது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் நம் உடம்பு இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவது. வார்த்தைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

ஆனால் துணை வேண்டும் என்று நினைக்கும்போது நாம் தேடுவது பெரும்பாலும் வார்த்தையைத்தான். "உன்னால முடியும்" என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நாம் இருந்த இடத்திலேயே இருப்போம். கூட இருப்பவர்களிடம் கேட்க வேண்டியது சின்னச் சின்ன வேலைகளை. யாரிடம் எந்த வேலையைக் கேட்பது, எப்படிக் கேட்பது, முதல் நாளில் என்ன செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்

"எனக்குத் தண்ணீர் என்றால் பயம்" என்று ஒருவர் சொன்னால் அதற்குள் பல பயங்கள் இருக்கலாம். மூக்கில் தண்ணீர் ஏறிவிடும் என்ற பயம். கால் தரையில் படாமல் போய்விடுமோ என்ற பயம். நீச்சல் உடையில் நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சம். பக்கத்தில் ஏழு வயதுக் குழந்தை சர்ரென்று நீந்திப் போகும்போது வரும் அவமானம். இவை ஒவ்வொன்றுக்கும் வேண்டிய துணை வேறு. கால் படாத பயத்துக்குத் தண்ணீருக்குள் பக்கத்தில் நிற்கும் ஆள் வேண்டும். கூச்சத்துக்குக் கூட்டமில்லாத நேரம் எது என்று விசாரித்துச் சொல்லும் ஆள் போதும். அவர் நேரில் வராமலே இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு தாளை எடுத்து, நீங்கள் தொடங்க நினைப்பதன் பெயரை மேலே எழுதுங்கள். அதன் கீழே "அங்கே போனால் என்ன நடந்துவிடும் என்று நினைக்கிறேன்?" என்ற கேள்விக்குத் தோன்றுவதை எல்லாம் எழுதுங்கள். பெரிய பெரிய வாக்கியம் வேண்டாம். "பேச்சு மறந்துபோகும்." "மார்க்கைக் கேட்டுச் சிரிப்பார்கள்." "டாக்டர் திட்டுவார்." எழுதி முடித்ததும், எது உண்மையான ஆபத்து, எது வெட்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிப்பில் அலட்சியம் கூடாது. வெட்கத்துக்கு நண்பர் போதும். ஆபத்துக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஆழமான தண்ணீர், பாறை ஏறுதல் போன்றவற்றில் அன்பான நண்பர் ஒருவர் கூட இருப்பது பாதுகாப்பு ஆகாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே முதல் துணை மருத்துவர். நண்பர்களும் குடும்பமும் அதற்கு அடுத்துதான்.

முதல் வேலையைச் சின்னதாக வெட்டுங்கள்

"நீச்சல் கற்றுக்கொள்வது" ஒரு வேலையாகாது, அது மாதக்கணக்கில் போகும் விஷயம். "சனிக்கிழமை காலை 7 மணிக்கு நீச்சல்குளத்துக்குப் போய், படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விடுவது" ஒரு வேலை. படிப்பென்றால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை நிரப்புவது. மருத்துவமனை என்றால் தொலைபேசியில் நேரம் வாங்குவது மட்டும்.

நாளும் நேரமும் இடமும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "இன்ன நேரம் வந்தால், இன்ன இடத்தில் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள், வெறுமனே "செய்யப் போகிறேன்" என்று நினைப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்கும் வேலை மிச்சம். யோசிக்க உட்கார்ந்தால்தானே சாக்குப்போக்கு எட்டிப்பார்க்கும்.

யாரைக் கேட்பது

மூன்று விதமான ஆள் தேவைப்படலாம். மூவரும் ஒரே ஆளாக இருந்தாக வேண்டும் என்பதில்லை, இல்லாமல் இருப்பதே நல்லது என்பேன்.

முதலாமவர், உங்களுக்குச் சற்று முன்னால் அதே பாதையில் போனவர். 'சற்று' என்பது முக்கியம். இருபது வருடமாக மேடையில் பேசுகிறவருக்கு முதல் மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டது நினைவிருக்காது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய் நின்னா தானா வரும்" என்பார். போன வருடம் தொடங்கியவரைக் கேட்டால், ஒலிபெருக்கியில் தன் குரலை முதல்முறை கேட்டபோது திடுக்கிட்டதையும், தாளைக் கையில் பிடித்தால் நடுக்கம் எல்லோருக்கும் தெரியும், அட்டையில் எழுதிக்கொண்டால் தெரியாது என்பதையும் சொல்வார்.

குடிநோயாளர்களுக்கான 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு இப்படித்தான் பிறந்தது. 1935 மே மாதம், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்பவர் வேலை விஷயமாக அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்துக்குப் போனார். போன காரியம் கெட்டது, மறுபடியும் குடிக்கத் தோன்றியது. அவர் தேடியது தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளரை. அங்கும் இங்கும் தொலைபேசியில் விசாரித்து அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். மருத்துவரான பாபுக்குக் குடியின் கேடு தெரியாதா என்ன? ஆனால் அதே பள்ளத்தில் கிடந்த ஒருவர் வந்து பேசியது வேறு மாதிரி இறங்கியது. உதவி கேட்டுப் போனவர், உதவி பெற்றவர் என்று இருவரையும் பிரிக்கவே முடியாது என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

இரண்டாமவர், கூட வருபவர். இவருக்கு விஷயம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். நேரத்துக்கு வருவார், சும்மா இருப்பார், அதிகம் பேசமாட்டார் என்றால் போதும். மூன்றாமவர், "என்ன ஆச்சு?" என்று கேட்பவர். தொலைவில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் நீங்கள் "போகல" என்று சொன்னால் பிரசங்கம் செய்யாதவராக இருக்க வேண்டும்.

வேண்டாதவர்கள் யார் என்பதும் தெரிந்திருக்கட்டும். உங்கள் பயத்தைவிடத் தன் பயம் பெரிதாக உள்ளவர். "நான் பண்ணித் தரேன், நீ தள்ளு" என்று வேலையையே பிடுங்கிக்கொள்பவர். உங்களை இன்னொருவரோடு ஒப்பிடுபவர். மிக நெருங்கியவர்கள்தான் நல்ல துணை என்பதும் எப்போதும் சரியாக வராது. கணவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட மனைவியையும், மனைவியிடம் கற்றுக்கொண்ட கணவரையும் விசாரித்துப் பாருங்கள்.

எப்படிக் கேட்பது

பலர் நின்றுவிடும் இடம் இதுதான். தொடங்குவதைவிட, துணை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது கஷ்டமாக இருக்கும். "அவங்களுக்கு ஆயிரம் வேலை, இதுக்குப் போய்த் தொந்தரவு பண்ணணுமா?"

நம் கணக்கு இங்கே தப்பு என்பதற்குச் சான்று உண்டு. ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெசா லேக் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்வது, கைபேசியைக் கொஞ்ச நேரம் கேட்பது மாதிரியான உதவிகளைக் கேட்க ஆட்களை அனுப்பினார்கள். எத்தனை பேரிடம் கேட்டால் தேவையான உதவி கிடைக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னார்கள். ஊகித்த எண்ணிக்கை, உண்மையில் கேட்க வேண்டியிருந்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கேட்பவர் மனத்தில் ஓடுவது அந்த உதவி எவ்வளவு சிரமம் என்பது. கேட்கப்பட்டவர் மனத்திலோ, முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்ற சங்கடமும் சேர்ந்து ஓடுகிறது.

இதில் கேட்பவருக்கு ஒரு பொறுப்பும் உண்டு. மறுப்பது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டம் என்றால், மறுக்க ஒரு வழியை நாமே திறந்துவைத்துக் கேட்பதுதான் நியாயம். வேண்டாவெறுப்பாக வந்தவர் துணையாகவும் இருக்கமாட்டார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பார்.

"எனக்கு உங்க சப்போர்ட் வேணும்" என்று கேட்டால் எதிராளிக்கு என்ன செய்வதென்று புரியாது. "கண்டிப்பா" என்பார், அதோடு சரி. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அக்கா, ஒரு உதவி. வர்ற சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு முதல் தடவையா நீச்சல்குளத்துக்குப் போறேன். நீங்க எதுவும் சொல்லித்தர வேண்டாம், தண்ணில இறங்கவும் வேண்டாம். அரைமணி நேரம் கரையில உக்காந்திருந்தாப் போதும். நான் இறங்காம திரும்பி வந்தாலும் ஒண்ணும் கேட்காதீங்க. முடியாதுன்னா தயங்காம சொல்லுங்க, வேற யாரையாவது கேட்டுக்கிறேன்."

என்ன வேலை, எப்போது, எவ்வளவு நேரம் என்பது மூன்றும் இதில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டாம் என்பதும் இருக்கிறது. கடைசி வாக்கியம் அவருக்கான வாசல். செய்தியாக அனுப்பினால் அவர் யோசித்துப் பதில் சொல்ல நேரம் கிடைக்கும். நேரில் கேட்டால் உடனே சரி என்று சொல்லும் நெருக்கடி அதிகம். என் தேர்வு, செய்தி.

கேட்டவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? அடுத்தவரைக் கேளுங்கள். உண்மையிலேயே கேட்க ஆள் இல்லை என்றால், புதியவர்களுக்கென்றே நடக்கும் வகுப்பில் சேருங்கள். அங்கே எல்லோரும் ஒரே மாதிரி முழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். எழுதுவது, படிப்பது போன்ற வேலைகளுக்கு, வீடியோ அழைப்பில் இருவர் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் அவரவர் வேலையைச் செய்வதுகூட நன்றாக வேலை செய்கிறது.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்

சொல்லிவிட்டால் செய்தே ஆக வேண்டும், அதனால் எல்லோரிடமும் சொல் என்று ஓர் அறிவுரை உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அதே கோல்விட்சரும் மற்றவர்களும் 2009-இல் சட்டக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், தங்கள் நோக்கத்தை இன்னொருவர் படித்துப் பார்த்துவிட்டார் என்று அறிந்த மாணவர்கள், அதற்கான வேலையில் குறைந்த நேரமே செலவிட்டார்கள். 'நான் வழக்கறிஞராகப் போகிறவன்' என்பது ஊர் அறிந்துவிட்டால், பாதி ஆகிவிட்ட மாதிரி ஒரு திருப்தி. ஆகவே, வேலை கொடுத்திருக்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

துணைக்கு வருபவரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை

எந்த மாதிரி உதவி உங்களைச் சுருங்க வைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்; அதைச் சொல்லிவிடுங்கள். 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் தினமும் தனித்தனியாகக் குறிப்பு எழுத வைத்தது. துணைவர் உதவி செய்திருக்கிறார், ஆனால் படிக்கிறவர் அதைக் கவனிக்கவில்லை என்ற நாட்களில்தான் மனச்சோர்வு குறைவாக இருந்தது. பளிச்சென்று தெரிந்த உதவி, "நான் அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன்?" என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடக்கூடும். அதனால் வீட்டில் ஒருவர் தேர்வுக்குப் படிக்கிறார் என்றால், மணிக்கொரு தடவை கதவைத் திறந்து "எப்படிப் போகுது?" என்று கேட்பதைவிட, அவர் பங்கு வீட்டு வேலையை ஓசைப்படாமல் முடித்துவைப்பது நல்லது.

சொல்ல வேண்டிய இன்னொன்று, "பதட்டப்படாதே" என்று சொல்லக் கூடாது என்பது. படபடவென்று அடிக்கும் நெஞ்சை யாரும் சொல்லி நிறுத்த முடியாது. ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பேச்சுக்கும் பாட்டுக்கும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், பெயர் மட்டும் மாறட்டும்.

முதல் நாள்

முதல் நாளில் பார்வையாளர் கூடாது. ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் 1965-இல் இதை விளக்கினார்: நன்றாகப் பழகிய வேலையைப் பிறர் முன்னால் இன்னும் நன்றாகச் செய்வோம், பழகாத வேலையைப் பிறர் முன்னால் இன்னும் மோசமாகச் செய்வோம். 1969-இல் அவரும் மற்றவர்களும் கரப்பான்பூச்சிகளை வைத்தே சோதித்தார்கள். நேரான பாதையில், மற்றக் கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது வேகமாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில் தடுமாறி நேரம் எடுத்துக்கொண்டன. கரப்பானுக்கே அப்படி என்றால், நாம் கூச்சப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட வருபவர் புகைப்படம் எடுக்க வேண்டாம், தன் நண்பர்களை அழைத்துவர வேண்டாம்.

அடுத்து, எப்படி நிறுத்துவது என்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நீச்சலையே எடுத்துக்கொள்வோம். பயிற்றுநரின் கண்பார்வையில், மார்பளவுக்கு மேற்படாத தண்ணீரில் நிற்கிறீர்கள். எதிரே துணை நிற்கிறார். அவர் இரு கைகளையும் உள்ளங்கை மேலே தெரியும்படி நீட்டுகிறார். உங்கள் கைகளை அதன் மேல் வைக்கிறீர்கள். அவர் உங்களைப் பிடிப்பதில்லை, நீங்கள்தான் அவர் கையைப் பிடித்திருக்கிறீர்கள். விடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் கையில். வாயைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை மெதுவாக வெளியே விடுகிறீர்கள், குமிழி வருகிறது. அப்புறம் முகம் முழுதும் உள்ளே, அதே மூச்சு. சிலமுறை இது பழகிய பிறகும் உடனே மிதக்கப் போகக் கூடாது. குப்புற மிதக்கும் உடம்பை மறுபடி நிற்க வைப்பது எப்படி என்று பார்த்துக்கொள்ள வேண்டும்: முழங்கால்களை நெஞ்சுப் பக்கம் இழுத்து, கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்தி, தலையைத் தூக்கினால் பாதம் தானாகத் தரைக்கு வரும். இது கைவந்தவுடன் பயத்தில் பெரும்பகுதி கழன்றுவிடும். மிதக்கத் தெரியாவிட்டாலும், எழுந்து நிற்கத் தெரியுமே.

துணைக்கு வருபவர் ஒருபோதும் செய்யக் கூடாதது, "விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று விடுவது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அன்றோடு அவர் வார்த்தையின் மதிப்பு போய்விடும், தண்ணீர் மேல் இருந்த பயத்தோடு ஆள் மேலும் பயம் சேரும்.

மற்ற விஷயங்களுக்கும் இதே முறைதான். பேச்சென்றால் கடைசி இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடுவில் எங்கே தொலைந்தாலும் நேராக அங்கே போய், நன்றி சொல்லி இறங்கிவிடலாம். பயந்துகொண்டே செய்யும் தொலைபேசி அழைப்பென்றால், முதல் வரியையும், "சரிங்க, யோசிச்சுட்டு அப்புறம் கூப்பிடுறேன்" என்ற முடிவு வரியையும் தாளில் எழுதிக் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைப்பேச்சுக்கு இன்னொரு யோசனை. 1924-இல் கலிபோர்னியாவின் சாந்தா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய, மேடைப்பேச்சு பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், கேட்க வந்தவர்களுக்கும் வேலை உண்டு. ஒருவர் நேரம் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவார். ஒருவர் 'ஆ', 'ம்' எத்தனை என்று எண்ணுவார். ஒருவர் பேச்சை மதிப்பிடுவார். வேலையில் மூழ்கியிருப்பவர் உங்களை முறைத்துப் பார்ப்பதில்லை. வீட்டில் மூன்று பேர் முன்னால் ஒத்திகை பார்க்கும்போதும் இதைச் செய்யலாம்.

திரும்பி வருவதற்குள் அடுத்த நாளைக் குறித்துவிடுங்கள்

முதல் தடவையைவிட இரண்டாவது தடவைதான் வழுக்கும். முதல் தடவை ஒரு வேகத்தில் போய்விடுவோம், எல்லோரும் விசாரிப்பார்கள். அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் முதல் நாள் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே, துணையோடு நின்று அடுத்த நாளையும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள்.

போகாமல் விட்டுவிட்டால், அன்றைக்கே உங்கள் மூன்றாமவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். "இன்னைக்குப் போகல. புதன்கிழமை போறேன்." காரணம் எழுத வேண்டாம், எழுதத் தொடங்கினால் அது நீளும், நீள நீள நாமே நம்பத் தொடங்கிவிடுவோம். அவரும் "சரி, புதன்" என்று மட்டும் பதில் போட வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

துணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது

பழகப் பழக, துணை ஒவ்வொரு படியாகத் தள்ளிப் போகலாம். தண்ணீருக்குள் நின்றவர் கரைக்குப் போகிறார். அப்புறம் வாசல் வரை வருகிறார். அப்புறம், முடிந்ததும் ஒரு செய்தி மட்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்ற வேண்டாம்: ஆழத்தைக் கூட்டும் நாளில் துணையைக் குறைக்காதீர்கள், துணையைக் குறைக்கும் நாளில் பழைய ஆழத்திலேயே இருங்கள். எப்போது குறைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். துணைக்கு வந்தவருக்கு வேறு வேலை வந்துவிட்டது என்பதால் அது நடந்துவிடக் கூடாது. அதனால் முதலிலேயே "ஒரு மாசத்துக்கு மட்டும்" என்று கேட்டு, மாதம் முடிந்ததும் மறுபடி பேசுவது இருவருக்கும் வசதி.

இடையில் ஒரு வாரம் உடம்பு சரியில்லாமலோ மனசு சரியில்லாமலோ தடுமாறினால், ஒரு படி மட்டும் பின்னால் போங்கள். செய்தியோடு நின்றவரை வாசல் வரை வரச் சொல்லலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.